வெயிலில் செல்போன் திரை தெரியவில்லையா?
காரணமும், காசில்லாத வழிகளும்

இன்று விவசாயிகள் பலரிடம் செல்போன் இருக்கிறது. மழை அறிவிப்பு, மண்டி விலை, மானிய விவரம், பயிர்க் காப்பீடு, வங்கியில் பணம் வந்த தகவல் என எல்லாம் அதில்தான் வருகின்றன. தமிழக அரசின் உழவன் செயலி 2018-ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது. மருந்துக் கடைக்காரரும் வேளாண்மை அலுவலரும்கூட மருந்தின் பெயரையும் அளவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி விடுகின்றனர்.

ஆனால் விவசாயி இருக்கும் இடம் அலுவலக மேஜை அல்ல, வயல் வரப்பு. பகல் 11 மணிக்கு வரப்பில் நின்று போனை எடுத்துப் பார்த்தால் திரையில் எழுத்தே தெரிவதில்லை. தன் முகமும் வானமும்தான் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிகின்றன. கையை மறைத்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, பாதியைப் படித்து மீதியை ஊகித்துக் கொள்வது வழக்கமாகிவிட்டது.

இந்த ஊகத்தில்தான் ஆபத்து இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1.5 மி.லி. மருந்து என்று வந்த செய்தியில் நடுவில் உள்ள புள்ளி வெயிலில் கண்ணுக்குத் தப்பினால் அது 15 மி.லி. ஆகிவிடும். 10 லிட்டர் டேங்குக்கு 15 மி.லி. ஊற்ற வேண்டிய இடத்தில் 150 மி.லி. ஊற்றினால் பயிர் கருகும், மருந்துச் செலவு பத்து மடங்காகும், தெளிப்பவர் உடம்புக்கும் தீங்கு வரும். பணம் அனுப்பும்போது 500-க்குப் பின் ஒரு சைபர் கூடுதலாக விழுந்ததைக் கவனிக்கவில்லை என்றால் 5,000 ரூபாய் போய்விடும். ஆகவே வெயிலில் திரை தெரியாதது வெறும் தொல்லையாக மட்டும் இருப்பதில்லை. அது நஷ்டத்துக்கும் வழி வைக்கிறது.

இதற்குப் புதிய போன் வாங்கினால்தான் தீரும் என்று பலர் நினைக்கின்றனர். அது அவசியமில்லை. காரணத்தைப் புரிந்து கொண்டால் கையில் இருக்கும் போனையே வயலில் ஓரளவு நன்றாகப் படிக்கலாம்.

காரணம் என்ன?

காகிதத்தை வெயிலில் படிப்பதில் சிரமம் இல்லை. வெளிச்சம் கூடக் கூட வெள்ளைக் காகிதம் அதிகமாகப் பிரகாசிக்கும். கறுப்பு மை அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் போல் இருப்பதால் எழுத்து தெளிவாகத் தெரிகிறது.

செல்போன் திரை அப்படிப்பட்டதல்ல. அது தன் வெளிச்சத்தைத் தானே உண்டாக்க வேண்டும். அந்த வெளிச்சத்துக்கு ஓர் அளவு உண்டு. அதற்குமேல் அதனால் பிரகாசிக்க முடியாது. வீட்டுக்குள் அந்த வெளிச்சம் தாராளம். பகல் வெயிலிலோ அது வெட்டவெளியில் ஏற்றி வைத்த அகல் விளக்கு போல ஆகிவிடுகிறது.

இதோடு இன்னொரு சங்கடமும் சேர்கிறது. திரைக்கு மேல் கண்ணாடி இருக்கிறது. சாதாரணக் கண்ணாடியின் மேற்பரப்பு, தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். நான்கு பங்கு என்பது கொஞ்சம்தானே என்று தோன்றலாம். வெயிலின் அளவைப் பார்த்தால் அது கொஞ்சம் அல்ல என்பது விளங்கும்.

ஒரு சின்னக் கணக்கு

ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை 'லக்ஸ்' என்ற அளவால் குறிப்பார்கள். இரவில் விளக்குப் போட்ட வீட்டில் 100 முதல் 300 லக்ஸ் வரை இருக்கும். வெயில் நாளில் நல்ல நிழலில் சுமார் 10,000 லக்ஸ் இருக்கும். உச்சி வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ். அதாவது வெயிலுக்கும் நிழலுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். நம் கண் தானாகவே சுருங்கி விரிந்து சமாளித்துக் கொள்வதால் இவ்வளவு பெரிய வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை.

ஒரு பொருள் எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதை 'நிட்' என்ற அளவால் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஒரு மெழுகுவர்த்தி அளவு வெளிச்சம் நம்மை நோக்கி வந்தால் அது ஒரு நிட். சாதாரண விலைப் போன்களின் திரை சுமார் 500 நிட் வெளிச்சம் தரும்.

இப்போது வரப்பில் வெள்ளைச் சட்டையோடு நிற்கும் ஒருவரை எடுத்துக் கொள்வோம். அவர் சட்டைமேல் உச்சி வெயில் அடித்தால் அது சுமார் 25,000 நிட் பிரகாசிக்கும். அந்தச் சட்டையின் நிழலுருவம் போன் கண்ணாடியில் விழுகிறது. நூற்றுக்கு நான்கு பங்கு என்றால் 1,000 நிட். திரையின் சொந்த வெளிச்சமோ 500 நிட்தான். திரையில் வெள்ளையாக உள்ள பகுதி 1,500, கறுப்பு எழுத்து உள்ள பகுதி 1,000 என்று ஆகிறது. வெள்ளை, கறுப்பைவிட ஒன்றரை மடங்குதான் பிரகாசம். எழுத்து எப்படித் தெரியும்?

அதே மனிதர், அதே சட்டை, அதே போன். நல்ல நிழலுக்கு வந்துவிட்டால் சட்டையின் பிரகாசம் 2,500 நிட் ஆகக் குறையும். கண்ணாடியில் விழுவது 100 நிட்தான். வெள்ளைப் பகுதி 600, கறுப்பு எழுத்து 100. இப்போது ஆறு மடங்கு வித்தியாசம். எழுத்து நன்றாகத் தெரியும். இணையப் பக்கங்களுக்கான சர்வதேசத் தர விதிகள், சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 மடங்கும் பெரிய எழுத்துக்கு 3 மடங்கும் வித்தியாசம் வேண்டும் என்கின்றன. நிழலில் அது கிடைத்துவிடுகிறது.

கூடுதல் விலை கொடுத்து 1,000 நிட் திரை உள்ள போனை வாங்கி, அதே வெயிலில் அதே சட்டையோடு நின்றால் என்ன கிடைக்கும்? வெள்ளை 2,000, கறுப்பு 1,000. வித்தியாசம் இரண்டே மடங்கு. ஆயிரக்கணக்கில் செலவு செய்து இரண்டு மடங்கு. செலவே இல்லாமல் நான்கு எட்டு நடந்து நிழலுக்குப் போனால் ஆறு மடங்கு. எது லாபம் என்பதை விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இவை தோராயக் கணக்குகளே. தூசி, கண்ணாடியின் தரம், போனைப் பிடிக்கும் கோணம் ஆகியவற்றைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும். ஆனால் கணக்கு காட்டும் வழி மாறாது.

எந்த நிழல் நல்ல நிழல்?

எல்லா நிழலும் ஒன்றல்ல. புளி, வேம்பு, மா போன்ற அடர்ந்த மரங்களின் நிழல் நல்லது. தென்னந்தோப்பு நிழல் அவ்வளவு உதவாது. ஓலை இடுக்கில் விழும் வெயில் பொட்டுப் பொட்டாகத் திரைமேல் ஆடும். ஒரு பொட்டு எழுத்தின்மேல் விழுந்தாலும் அந்த இடம் மறைந்துவிடும்.

மரம் இல்லாத வயலில் குடை சாலச் சிறந்தது. அதிலும் கறுப்புக் குடை வேண்டும். அது வெயிலை மறைப்பதோடு, அதன் கறுப்பு அடிப்பக்கம் கண்ணாடியில் விழுவதால் திரையில் வேறு வெளிச்சம் பிரதிபலிக்காது. ஒரே குடையில் இரண்டு நன்மை. வெளிர் நிறக் குடையில் இந்த இரண்டாவது நன்மை குறைவு.

குடையும் இல்லை என்றால் தோளில் இருக்கும் துண்டு போதும். துண்டைத் தலைமேல் போட்டு முன்பக்கம் இழுத்துவிட்டு, அதற்குள் போனைப் பிடித்துப் பார்க்க வேண்டும். முன்காலத்தில் ஊருக்கு வந்த போட்டோகிராபர் பெட்டிக் கேமராவின் பின்னால் கறுப்புத் துணியை மூடிக்கொண்டு குனிந்து பார்த்ததை வயதானவர்கள் அறிவார்கள். அவர் செய்ததும் இதே காரணத்துக்காகத்தான். வெளி வெளிச்சத்தை மறைத்தால்தான் உள்ளே இருக்கும் மங்கலான உருவம் தெரியும்.

சட்டை நிறமும் நிற்கும் திசையும்

திரையில் தெரிவது நமக்கு எதிரில் இருப்பதன் பிரதிபலிப்பே. போனை மல்லாக்கப் பிடித்தால் வானம் விழும். முகத்துக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தால் முகமும் சட்டையும் விழும். ஆகவே எது கருமையாக இருக்கிறதோ அது கண்ணாடியில் விழும்படி போனைச் சற்றுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு விரல் அளவு சாய்த்தாலே பல சமயம் எழுத்து பளிச்சென்று வந்துவிடும்.

வெள்ளைச் சட்டை அணிந்திருப்பவர் கருநீலம் அல்லது கரும்பச்சைத் துண்டை மார்பின்மேல் போட்டுக் கொள்ளலாம். கருநிறத் துணி, விழும் வெளிச்சத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவே திருப்பி அனுப்பும். மேலே சொன்ன கணக்கின்படி அப்போது கண்ணாடியில் விழுவது 1,000 நிட்டிலிருந்து 120 அல்லது 130 நிட்டாகக் குறைந்துவிடும். வயல் வேலைக்கு வெளிர் நிறச் சட்டை உடம்புக்குக் குளிர்ச்சி. அதை மாற்ற வேண்டியதில்லை. போனைப் பார்க்கும் அந்த இரண்டு நிமிடத்துக்குத் துண்டு உதவினால் போதும்.

காலையிலும் மாலையிலும் சூரியன் சாய்வாக இருக்கும்போது, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, போனை மார்போடு ஒட்டித் தன் நிழலுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். சூரியனைப் பார்த்து நின்றால் சட்டை முழுதும் வெயில் பட்டு அது திரையில் விழும், கண்ணும் கூசும். உச்சி வேளையில் நிழல் காலடியில் விழுவதால் இந்த முறை பயன்படாது. அப்போது மரமும் குடையும்தான் வழி.

கண்ணுக்கும் நேரம் வேண்டும்

வெயிலில் வேலை செய்தவர் பம்புசெட் கொட்டகைக்குள் நுழைந்தவுடன் கொஞ்ச நேரம் எதுவும் தெரிவதில்லை. இது எல்லோரும் அறிந்ததே. வெயிலில் கண்ணின் பாப்பா சுருங்கியிருக்கும். உள்ளே இருக்கும் விழித்திரையும் அதிக வெளிச்சத்துக்குப் பழகியிருக்கும். அது மாற நேரம் பிடிக்கும்.

ஆகவே நிழலுக்கு வந்த உடனே போனை எடுத்துப் பார்த்துவிட்டு 'இங்கேயும் தெரியவில்லை' என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு வாய் தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். தலையில் தொப்பியோ முண்டாசோ இருந்தால் கண்ணில் நேர் வெயில் விழாது. கண்ணும் விரைவில் பழகும்.

மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது கூலிங் கிளாஸ் அணிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலவகைக் கூலிங் கிளாஸ், 'போலராய்டு' எனப்படுவது, போனைக் குறிப்பிட்ட பக்கம் திருப்பினால் திரையை முழுக்கக் கறுப்பாக்கிவிடும். போன் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். போனைக் குறுக்காகத் திருப்பினாலோ கண்ணாடியைக் கழற்றினாலோ சரியாகிவிடும்.

போனில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

1. வெளிச்சம் தானாகக் கூடிக் குறையும் வசதியைப் போட்டு வைக்க வேண்டும். இதை 'ஆட்டோ பிரைட்னஸ்' அல்லது 'அடாப்டிவ் பிரைட்னஸ்' என்பார்கள். கையால் தள்ளி முழு அளவுக்கு வைத்தால் போதாதா என்று கேட்கலாம். பல போன்களில் அது போதாது. கையால் வைக்கும் உச்ச அளவுக்கு மேலும் ஒரு படி வெளிச்சம் அவற்றில் உண்டு. வெயில் படுவதைப் போனே உணர்ந்தால்தான் அந்தப் படி வேலை செய்யும்.

2. வெயிலை உணரும் அந்தக் 'கண்' பெரும்பாலும் போனின் மேல் பகுதியில், காதில் வைத்துக் கேட்கும் துளைக்கு அருகில் இருக்கும். அங்கே மண், எண்ணெய்ப் பிசுக்கு, தவறாக ஒட்டிய கண்ணாடி, கவரின் விளிம்பு ஆகியவை மறைத்தால் போன் தான் இருட்டில் இருப்பதாக நினைத்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அந்த இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். கையால் நிழல் பிடிக்கும்போது அந்த இடம் மட்டும் மறைந்துவிடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

3. பாட்டரி மிச்சம் பிடிக்கும் முறையை, அதாவது 'பவர் சேவர்' என்பதை, வயலில் படிக்கும் நேரத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். அது திரை வெளிச்சத்தைக் குறைக்கும். படித்து முடித்ததும் மீண்டும் போட்டுக் கொள்ளலாம். இரவில் கண் கூசாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதியும் பகலில் வேண்டாம்.

4. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும் 'டார்க் மோடு' இரவுக்கு ஏற்றது, வயலுக்கு ஏற்றதல்ல. கறுப்புத் திரை கண்ணாடியைப் போல முகத்தையும் வானத்தையும் காட்டும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து இருந்தால் இந்தப் பிரதிபலிப்பு கண்ணை அவ்வளவு உறுத்தாது.

5. எழுத்தின் அளவைப் பெரிதாக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருந்தால் வெளிச்ச வித்தியாசம் குறைவாக இருந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். நம் தமிழ் எழுத்துக்கு இது மிகவும் அவசியம். மெய்யெழுத்தின் புள்ளி, கொம்பின் சுழி, 'ண'வுக்கும் 'ன'வுக்கும் உள்ள சுழி வித்தியாசம் ஆகியவை சிறிய எழுத்தில் முதலில் மறைந்து போகும். எண்களில் 3, 6, 8 ஆகியவை ஒன்றுபோலத் தோன்றும். தசமப் புள்ளி காணாமலே போய்விடும்.

6. முக்கியமான செய்தி வந்தால் திரையை அப்படியே படமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அல்லது போனையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லலாம். இப்போதைய பல ஆண்ட்ராய்டு போன்கள் தமிழ் எழுத்தைப் படித்துக் காட்டுகின்றன. வீட்டில் உள்ள பிள்ளைகளிடம் சொன்னால் அந்த வசதியைப் போட்டுத் தருவார்கள்.

மேலே ஒட்டும் கண்ணாடி

போன் விழுந்தால் உடையாமல் இருக்க மேலே ஒரு கண்ணாடி ஒட்டுகின்றனர். அது அவசியம்தான். ஆனால் அது திரையோடு காற்றில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் காற்று புகுந்தால் அங்கே பிரதிபலிக்கும் பரப்புகள் இரண்டு கூடிவிடுகின்றன. ஒவ்வொன்றும் நூற்றுக்கு நான்கு பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஓரங்களில் தூக்கிக் கொண்ட, கொப்புளம் விட்ட, கீறல் விழுந்த கண்ணாடியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவது நல்லது. பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடியாதபடி மறைக்கும் 'பிரைவசி' கண்ணாடியை விவசாயிகள் தவிர்க்க வேண்டும். அது திரை வெளிச்சத்தையும் குறைக்கும்.

சொரசொரப்பான 'மேட்' வகை ஒட்டு, முகம் தெரிவதைக் குறைக்கும். ஆனால் நேர் வெயில் பட்டால் திரை முழுவதும் வெளுத்துப் போகும். நிழலில் நின்று படிப்பவருக்கு அது உதவும். நேர் வெயிலில் நிற்பவருக்கு உதவாது.

தூசி படிந்த திரையும் இதேபோலத்தான். ஒவ்வொரு தூசியும் வெயிலைச் சிதறடித்து வெள்ளையாகக் காட்டும். மெல்லிய பருத்தித் துணியைச் சற்று ஈரமாக்கிப் பிழிந்து துடைக்க வேண்டும். மண் ஒட்டிய வேட்டி முனையால் துடைத்தால் கீறல் விழும். மருந்து தெளித்த கையோடு போனைத் தொடவே கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே தொட வேண்டும். அந்தப் போன் பிறகு காதில் படுகிறது, வீட்டில் குழந்தை கைக்கும் போகிறது.

வெப்பத்தால் மங்கும் திரை

சில போன்களில் திரை முதலில் நன்றாகத் தெரிந்து, பத்து நிமிடத்தில் தானாக மங்கிவிடும். எவ்வளவு கூட்டினாலும் கூடாது. இது பழுது அல்ல. போன் சூடாகிவிட்டால் தன்னைக் காப்பாற்றிக் கொள்ளத் திரை வெளிச்சத்தைக் குறைக்கும். சார்ஜ் ஏறுவதும் நின்றுவிடலாம்.

ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடங்களில் பயன்படுத்தும்படி கூறுகிறது. நம் ஊரில் கத்திரி வெயில் காலத்தில் வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி போன்ற இடங்களில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. நேர் வெயிலில் வைத்த போன் அதைவிட அதிகமாகச் சூடேறும். கறுப்பு நிறப் போனும் கறுப்புக் கவரும் வெப்பத்தை இன்னும் வேகமாக வாங்கும்.

எனவே போனை டிராக்டர் பானெட் மீதும், மோட்டார் சைக்கிள் டேங்க் மீதும், வரப்பின் மீதும் வைத்துவிட்டு வேலை பார்க்கக் கூடாது. சாப்பாட்டுத் தூக்கோடு நிழலில் ஒரு துணிப்பையில் போட்டு வைக்க வேண்டும். சூடான போனைத் தண்ணீரில் நனைப்பதோ, ஐஸ் பெட்டியில் வைப்பதோ தவறு. திடீர்க் குளிர்ச்சியால் உள்ளே நீர் கோத்துக் கொள்ளும். கவரைக் கழற்றி, காற்றோட்டமான நிழலில் வைத்தால் தானாக ஆறிவிடும். அடிக்கடி சூடேறும் போனின் பாட்டரி ஆயுளும் குறையும் என்பதை மறக்கக் கூடாது.

பழைய பட்டன் போன் தெரிந்ததே!

'பழைய போன் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. விலை உயர்ந்த புதுப் போன் தெரியவில்லையே' என்று பல விவசாயிகள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதுதான். 2003-ஆம் ஆண்டில் வந்த நோக்கியா 1100 போனின் கறுப்பு வெள்ளைத் திரை, வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தையே பின்னால் உள்ள தகட்டில் பட்டுத் திரும்பச் செய்து எழுத்தைக் காட்டியது. காகிதம் போல வெயில் கூடக் கூட அது நன்றாகத் தெரிந்தது. கால்குலேட்டரும் டிஜிட்டல் கைக்கடிகாரமும் இதே முறையில்தான் இயங்குகின்றன. தூசி புகாத பட்டனும் டார்ச் விளக்கும் கொண்ட அந்தப் போன் உலகெங்கும் சுமார் 25 கோடி விற்பனையானது.

வண்ணப் படமும் வீடியோவும் வேண்டும் என்று ஆனபோது, தானே ஒளிரும் திரை வந்தது. வெயிலில் தெரியும் குணம் போனது. இரண்டையும் சேர்க்கும் முயற்சியும் நடந்துள்ளது. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காக 2007-இல் தயாரிக்கத் தொடங்கிய 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தின் கணினியில், வீட்டுக்குள் வண்ணத்திலும் வெயிலில் கறுப்பு வெள்ளையிலும் தெரியும் திரை இருந்தது. மின்புத்தகக் கருவிகளின் திரையும் வெயிலில் காகிதம் போலத் தெரியும். ஆயினும் சாதாரண விலைப் போன்களில் இத்தகைய திரை பரவவில்லை.

ஆகவே பழைய பட்டன் போன் வேலை செய்தால் அதை எறிந்துவிட வேண்டாம். வயலுக்கு அதையும் வீட்டுக்குப் பெரிய போனையும் வைத்துக் கொள்பவர்கள் உண்டு. பேசவும் மோட்டார் ஸ்டார்ட்டருக்குக் கால் கொடுக்கவும் அதுவே போதுமானது.

புதிய போன் வாங்குவோர் கவனத்துக்கு

கடைக்காரர் 'அண்ணே, இதிலே ரெண்டாயிரம் நிட்ஸ் இருக்கு, வெயில்லே சும்மா ஜம்முன்னு தெரியும்' என்பார். அந்த எண் எதற்குரியது என்று கேட்க வேண்டும். விளம்பரத்தில் வரும் பெரிய எண் பெரும்பாலும் 'பீக்' எனப்படும் உச்ச அளவு. திரையின் ஒரு சிறு பகுதியில், சில வேளைகளில் மட்டும் கிடைப்பது அது. திரை முழுவதும் வெள்ளையாக இருக்கும்போது, வெயிலில் எவ்வளவு கிடைக்கும் என்பதே நமக்கு வேண்டியது. அதை 'ஹை பிரைட்னஸ் மோடு' என்று தனியாகக் குறிப்பார்கள். சாதாரண அளவு வேறு, இது வேறு, பீக் வேறு. மூன்றையும் கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது.

எண்ணைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. மாடு வாங்குபவர் சந்தையில் அதை நடக்க விட்டுப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறார். போனையும் அப்படியே வாங்க வேண்டும். கடைக்குப் பகல் வேளையில் போக வேண்டும். பணம் கொடுக்கும் முன், கடைக்காரர் அனுமதியோடு போனை வாசலில் வெயிலுக்குக் கொண்டு வந்து, ஒரு தமிழ்ச் செய்தியைத் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். கையில் உள்ள பழைய போனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஐந்து நிமிடம் வெளியே வைத்திருந்து மங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏ.சி. போட்ட கடைக்குள் எல்லாப் போனும் நன்றாகத்தான் தெரியும்.

மருந்து அளவையும் பணத்தையும் வெயிலில் பார்க்க வேண்டாம்

எத்தனை வழி சொன்னாலும், இரண்டு விஷயங்களை மட்டும் வெயிலில் நின்று செய்வதில்லை என்று வைத்துக் கொள்வது நல்லது.

முதலாவது மருந்து அளவு. போனில் வந்த அளவை வீட்டிலேயே படித்து, எண்ணாலும் எழுத்தாலும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போக வேண்டும். 'லிட்டருக்கு 1.5, ஒன்றரை மி.லி., 10 லிட்டர் டேங்குக்கு 15, பதினைந்து மி.லி.' என்று எழுதிவிட்டால் புள்ளி தப்பினாலும் அளவு தப்பாது. காகிதச் சீட்டு வெயிலில் நன்றாகத் தெரியும். வயலில் மருந்தைக் கலக்கும் முன் புட்டியின் மேல் ஒட்டிய தாளில் உள்ள அளவோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் மாறுபட்டால் கலக்காமல் விசாரிக்க வேண்டும். உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணுக்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பேசித் தமிழிலேயே கேட்டுக் கொள்ளலாம். காதால் கேட்பதற்கு வெயில் தடையில்லை.

இரண்டாவது பணம். மண்டியிலோ உரக் கடை வாசலிலோ வெயிலில் நின்றுகொண்டு தொகையைத் தட்டக் கூடாது. கடைக்குள் போய், தொகையையும் பெறுபவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகே ரகசிய எண்ணைப் போட வேண்டும். வந்த ஓ.டி.பி. எண் தெரியவில்லை என்று முன்பின் தெரியாதவரிடம் போனை நீட்டிப் படித்துச் சொல்லக் கேட்பது பெரிய தவறு. அந்த எண் பெட்டிச் சாவி போன்றது.

நோய் கண்ட இலையைப் படம் எடுத்து அனுப்புவோரும் கவனிக்க வேண்டும். வெயிலில் திரை தெரியாமல் எடுத்த படம் கலங்கலாக இருந்தால் பார்ப்பவர் நோயைத் தவறாகக் கணிக்க நேரும். செடியின்மேல் தன் நிழல் விழும்படி நின்று, இலையின் மேற்புறம் ஒன்றும் அடிப்புறம் ஒன்றுமாக எடுக்க வேண்டும். வயலை விட்டு வரும் முன் நிழலில் பெரிதாக்கிப் பார்த்துத் தெளிவாக இருந்தால்தான் அனுப்ப வேண்டும்.

போனில் குறையா, கண்ணில் குறையா?

நிழலில், வெளிச்சத்தை முழுதும் கூட்டி, எழுத்தைப் பெரிதாக்கிய பிறகும் தெரியவில்லை என்றால் கண்ணைச் சோதித்துப் பார்க்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது இயற்கை. அதற்கான கண்ணாடி அணிந்தால் போதும். வெயிலில் வெளிச்சம் பட்டாலே கண் அதிகமாகக் கூசி, எல்லாம் பனி மூடியது போலத் தெரிந்தால் கண்புரை தொடங்கியிருக்கலாம். வெயிலில் பல ஆண்டு உழைப்பவர்களுக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். அரசு மருத்துவமனையிலும் ஊருக்கு வரும் கண் முகாமிலும் இலவசமாகச் சோதித்துக் கொள்ளலாம். கண்புரையை அறுவைச் சிகிச்சையால் சரி செய்ய முடியும். கண்ணில் உள்ள குறைக்குப் போனை மாற்றிப் பயனில்லை.

இன்று மாலையே வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து, எழுத்தைப் பெரிதாக்குவது, தானாக வெளிச்சம் கூடும் வசதியைப் போடுவது, வெள்ளைப் பின்னணிக்கு மாற்றுவது ஆகிய மூன்றையும் செய்து கொள்ளலாம். கால் மணி நேர வேலைதான். நாளை வயலுக்குப் போகும்போது மருந்து அளவை எழுதிய சீட்டும், ஒரு கறுப்புக் குடையும் கையில் இருக்கட்டும்.